பெயர் இல்லாத வாளை நம்புவது
(பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஜப்பானில் ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் ஹெஷிகிரி ஹசேபே என்றொரு வாள் இருக்கிறது. ஒரு காலத்தில் ஓதா நொபுநாகா என்ற போர்ப்பிரபுவிடம் இருந்தது. அவருடைய கோபத்துக்கு ஆளான பணியாள் ஒருவன் அலமாரிக்குள் போய் ஒளிந்துகொள்ள, நொபுநாகா வாளை ஓங்காமலே அலமாரியோடு சேர்த்து அழுத்தி அவனை வெட்டினார் என்று கதை சொல்வார்கள். பிறகு அது குரோதா பிரபு வம்சத்துக்குப் போயிற்று. இன்று தேசியப் பொக்கிஷம். அதைச் செய்தவர் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹசேபே குனிஷிகே என்ற கொல்லர் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை.

ஆனால் குனிஷிகே வெட்டிய கையெழுத்து அந்த வாளில் கிடையாது. இருப்பது தங்கத்தில் பதித்த எழுத்து. கொல்லர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஹொனாமி கோதோகு என்ற மதிப்பீட்டாளர் எஃகைப் பார்த்து, 'இது குனிஷிகே செய்தது' என்று முடிவுசெய்து பதிக்கவைத்தது அது. அதை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது, அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்கிறது, நாமும் ஏற்றுக்கொள்கிறோம். அதே குனிஷிகேயின் பெயர் அழகாக, தெளிவாக, முழுமையாக வெட்டப்பட்ட வேறொரு வாளை நாளைக்கு யாராவது விற்க வந்தால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பெயரைத்தான்.

பழைய ஜப்பானிய வாளைச் சேகரிக்க வருகிறவர் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்பார். ஓவியத்தில் கையெழுத்து இருந்தால் மதிப்பு, இல்லாவிட்டால் குறை. நாணயத்தில் முத்திரை இருந்தால் மதிப்பு. இங்கே மட்டும் பெயர் இல்லாததை நம்புகிறார்கள், பெயர் உள்ளதைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். இது எப்படி வந்தது, இதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 'சான்று பெற்ற அசல் பழவாள்' என்று விற்பனைப் பட்டியல்களில் பார்க்கிறோமே, அந்தச் சான்று என்பது என்ன என்பது இதற்குள்தான் இருக்கிறது.

வாளின் அலகில் கைப்பிடிக்குள் மறைந்துபோகிற பகுதி ஒன்று உண்டு. நம் அரிவாளின் காம்பு மாதிரி. ஜப்பானியர் நாகாகோ என்பார்கள். அதில் ஒரு துளை. கைப்பிடியில் இருக்கும் துளையோடு அதை ஒத்துவைத்து ஒரு மூங்கில் ஆணியைச் செருகினால் முழு வாளும் கட்டுக்குள் நிற்கும். ஆணியைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று வந்துவிடும். கொல்லர் தம் பெயரை வெட்டுவது இந்தக் காம்பில்தான். வாளைப் பிடித்துச் சண்டை போட்டவன்கூடத் தினமும் பார்க்காத இடம் அது.

அலகு முழுவதையும் சாணைக்காரர் தீட்டுவார். காம்பை மட்டும் தொடமாட்டார். தலைமுறை தலைமுறையாகத் துரு ஏறி ஏறி அது கறுத்துப்போயிருக்கும். எழுநூறு ஆண்டுத் துருவுக்கு ஒரு நிறமும் ஆழமும் உண்டு. ஆழ்ந்த கறுப்பு, தொட்டால் வழுவழுப்பு. முப்பது ஆண்டுத் துரு செம்பழுப்பாகப் பொடியும். அமிலம் தடவி வரவழைத்த துரு, எழுத்துப் பள்ளத்தின் அடிவரை ஒரே சீராக இறங்காது. கொல்லர் அரத்தால் இழுத்த கோடுகள் எந்தச் சாய்வில் போகின்றன என்பதுகூட ஒரு பள்ளியின் அடையாளம். ஆகவே வாளின் வரலாற்று ஆவணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்தக் கறுத்த காம்பில் இருக்கிறது. இதைத் தெரியாமல், பழைய வாள் ஒன்று கையில் கிடைத்ததும் முதல் வேலையாகக் காம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் ஒரு ஆவணக்காப்பகத்தைக் கொளுத்துகிற வேலை அது. கேட்கும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது.

சரி, இவ்வளவு முக்கியமான இடத்தில் பெயர் ஏன் காணாமல் போயிற்று?

காமகுரா காலத்தில், அதாவது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1333 வரை, வாள் குதிரைவீரனின் ஆயுதம். தாச்சி என்று பெயர். நீளமாகவும் நல்ல வளைவோடும் இருக்கும். கூர் கீழ்நோக்கி இருக்கும்படி இடுப்பில் தொங்கவிடுவார்கள். அடுத்து வந்த நான்போகுச்சோ காலத்தில் வாள்கள் இன்னும் பிரம்மாண்டமாயின. அலகு மட்டுமே தொண்ணூறு சென்டிமீட்டருக்கும் மேல். அதன்பின் போர்முறை மாறிற்று. காலாட்படை பெருகிற்று. கூர் மேல்நோக்கி இருக்க இடைக்கச்சையில் செருகி, ஒரே வீச்சில் உருவி வெட்டும் கத்தானா வந்தது. முந்தைய காலத்து நெடிய வாள்களை அப்படிச் செருக முடியாது. ஆனால் அவற்றின் எஃகைவிட நல்ல எஃகு யாரிடமும் இல்லை. என்ன செய்தார்கள்? நீளத்தைக் குறைத்தார்கள். முனைப்பக்கம் வெட்டினால் வாள் செத்துவிடும். எனவே காம்புப் பக்கமாக வெட்டினார்கள். பழைய காம்பு போயிற்று, அதோடு கையெழுத்தும் போயிற்று. அலகின் கீழ்ப்பகுதி புதிய காம்பாயிற்று. பெருங்கொல்லர் பலருடைய படைப்புகள் இப்படித்தான் பெயரிழந்து நிற்கின்றன. ஜப்பானின் புகழ்பெற்ற கொல்லர் மஸாமுனே. அவர் கையெழுத்தோடு உள்ள, ஐயத்துக்கு இடமில்லாத அலகுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் குறுவாள்கள். அவருடையவை என்று கொண்டாடப்படும் நெடுவாள்கள் எல்லாம் கண்ணால் அடையாளம் காணப்பட்டவைதான்.

கண்ணால் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு வாள் பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஷிமானே மாநிலத்து மலைப்பகுதியில் ஒகுயிஸுமோ என்று ஓர் ஊர். அங்கே குளிர்காலத்தில் ததாரா என்ற களிமண் உலையை மூட்டுகிறார்கள். மூன்று பகல், மூன்று இரவு. ஏறத்தாழ 10 டன் இரும்பு மணல், 12 டன் மரக்கரி. இரண்டையும் மாறிமாறிக் கைக்கரண்டியாலும் முறத்தாலும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் உலையையே உடைத்து, உள்ளே கிடக்கும் இரண்டரை டன் கட்டியை இழுத்து வெளியே எடுப்பார்கள். அதில் நல்ல எஃகு ஒரு டன்கூடத் தேறாது. அந்த நல்ல பகுதிக்குத்தான் தமஹாகனே என்று பெயர். போருக்குப் பின் அணைந்துபோன இந்த உலையை 1977-இல் மறுபடி மூட்டியவர்கள் வாள் பாதுகாப்புச் சங்கத்தார். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கொல்லர் இந்த எஃகைத் தட்டி, மடித்து, மறுபடி தட்டி, மடிப்பார். பத்திலிருந்து பதினைந்து மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிக்கும். பதின்மூன்று மடிப்பில் எட்டாயிரத்தைத் தாண்டிவிடும். தீட்டிய பிறகு இந்த அடுக்குகள் மேற்பரப்பில் மர ரேகை போலத் தெரியும். யமாதோ நாட்டுக் கொல்லர்கள் கையில் அந்த ரேகை நேராக ஓடும். பிஸென் கொல்லர்களிடம் பலகை ரேகையாக விரியும்.

அதன்பின் தோய்ச்சல். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுக்கிறார்களே, அதே செயல்தான். ஆனால் ஜப்பானியர் அதற்கு முன் அலகின் மேல் களிமண் பூசுகிறார்கள்: முதுகில் கனமாக, கூரில் மெலிதாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கும்போது, மெலிதாகப் பூசிய கூர் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்ற கடின எஃகாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாகவே இருக்கிறது. கடினமான எஃகுக்குக் கன அளவு கூடுதல் என்பதால் கூர்ப்பக்கம் விரிந்து, வாள் தானாகவே பின்னால் வளைகிறது. இரண்டு எஃகும் சந்திக்கும் எல்லை அலகு நெடுக ஒரு வெண்கோடாக நிற்கும். அதுதான் ஹாமோன். அந்தக் கோட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், சிலரது வாளில் மணல் தெளித்தது போலத் துகள் துகளாக மின்னும். அதை நியே என்பார்கள். சிலரது வாளில் துகள் தெரியாது, பனிமூட்டம் மட்டும் தெரியும், அது நியோய். மஸாமுனேயின் ஸோஷூ மரபு நியேவுக்குப் பேர்போனது. பிஸென் நியோய்க்கு. பிஸெனைச் சேர்ந்த இச்சிமோன்ஜி கொல்லர்கள் அந்தக் கோட்டைக் கிராம்பு மொட்டுகள் வரிசையாகக் கோத்தது போல அலையலையாக அமைத்தார்கள். எனக்கு ஒரே ஒரு வாளைப் பார்க்க அனுமதி உண்டு என்றால் இச்சிமோன்ஜியைத்தான் கேட்பேன். ஸோஷூவின் ஆழத்தைக் கொண்டாடுகிறவர்கள் அதிகம். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை, ஆனால் என் மனம் பிஸென் பக்கம்தான்.

மண், கரி, நெருப்பின் நிறம், தண்ணீரின் சூடு, கையின் பழக்கம் எல்லாம் சேர்ந்து இறங்கியிருப்பதால், இதைப் போலி செய்வது பெயரைப் போலி செய்வது போல எளிதல்ல. பெயர் வெட்ட ஓர் உளியும் சுத்தியும் போதும். கிராம்பு மொட்டு ஹாமோனை இச்சிமோன்ஜி கொல்லர் போல அமைக்க, இச்சிமோன்ஜி கொல்லராகவே இருந்தாகவேண்டும். பெயரில்லாத வாளை நம்புகிறார்கள் என்றேனே, அதன் காரணம் இவ்வளவுதான்.

இதைப் பழக ஜப்பானில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. கந்தேய் கூட்டம் என்பார்கள். ஒரு மேசையில் ஐந்து வாள்கள் வரிசையாக இருக்கும். காம்பு மட்டும் உறைக்குள் மூடியிருக்கும். வருகிறவர் வாளுக்குத் தலைவணங்கி, எடுத்து, பேசாமல் பார்ப்பார். வாய் திறந்தால் எச்சில் தெறிக்கும், எச்சில் பட்டால் துருப்பிடிக்கும். முதலில் கையை நீட்டி முழு வடிவத்தைப் பார்ப்பார். வளைவு கைப்பிடிப் பக்கம் கூடுதலா, நடுவிலா, முனை சிறியதா பெரியதா என்பதிலிருந்து காலம் கிடைக்கும். பிறகு எஃகின் ரேகை, அதிலிருந்து ஊர். பிறகு ஹாமோன். கடைசியாக முனைக்குள் அந்தக் கோடு எப்படித் திரும்புகிறது என்பது; அதில்தான் ஆள் தெரிவார். நாகஸ்வரத்தை நாலு நிமிஷம் கேட்டதும் 'இது இன்னார் பாணி' என்று சொல்கிற பழைய ரசிகரின் காரியம்தான் இது. முடிவை ஒரு சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்கவேண்டும். சரியாக இருந்தால் 'அதாரி' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். குருவின் பெயருக்குப் பதிலாகச் சீடரின் பெயரை எழுதியிருந்தால் 'தோஸென்', அதாவது சரிக்குச் சமம். தவறாக இருந்தாலும் காலம் சரியா, நாடு சரியா என்று ஒரு குறிப்புக் கிடைக்கும், மறுபடி எழுதலாம். எல்லாரும் முடித்த பிறகுதான் காம்பைத் திறந்து காட்டுவார்கள்.

தோஸென் என்ற அந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே உலையில், ஒரே எஃகில், ஒரே கையசைவில் பழகிய குருவையும் சீடனையும் முழுதாகப் பிரித்துவிட முடியாது என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. சான்றிதழ்களைப் படிக்கும்போதும் இதே நேர்மையை நாம் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

சான்றிதழ் என்ற வழக்கத்தைத் தொடங்கி வளர்த்தவர்கள் நான் முதலில் சொன்ன ஹொனாமி குடும்பத்தார். நான்போகுச்சோவுக்கு அடுத்த முரோமாச்சி காலத்திலிருந்தே, ஷோகுன்கள் என்ற படைத்தலைமை ஆட்சியாளர்களின் வாள்களைத் தீட்டுவதும், துடைப்பதும், மதிப்பிடுவதும் அவர்கள் பரம்பரைத் தொழில். குயவுக்கலையிலும் எழுத்துக்கலையிலும் பேர்பெற்ற ஹொனாமி கோயெத்ஸுவும் அந்தக் குடும்பம்தான். தோகுகாவா ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் பிரபுக்களுக்குள் திருமணமோ வாரிசேற்போ நடந்தால் வாள்தான் பரிசு. பரிசுக்கு விலை தெரியவேண்டுமே! ஹொனாமியார் தடித்த தாளை இரண்டாக மடித்து, கொல்லரின் பெயரையும் இத்தனை பொன் என்ற மதிப்பையும் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். 1719-இல் ஷோகுன் யொஷிமுனே ஆணையிட, நாட்டின் புகழ்பெற்ற வாள்களைத் தொகுத்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். க்யோஹோ மெய்புத்ஸுச்சோ என்ற அந்தத் தொகுப்பு இன்றைக்கும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. ஆனால் பொன் மதிப்பும் பிரபுக்களின் கௌரவமும் கலந்த இடத்தில் தாட்சணியம் நுழையாமல் இருக்குமா? அந்தப் பட்டியலைத் தொகுத்த பதின்மூன்றாம் தலைமுறை கோச்சூவுக்குப் பின் வந்த தாள்களை வாள் அறிஞர்கள் அத்தனை உறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆக, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சான்றிதழைச் சோதிக்கவேண்டிய நிலை வந்துவிட்டது.

போலிக்காரர்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் நாகஸோனே கோதெத்ஸு என்று ஒருவர். முதலில் கவசம் செய்தவர். நடுவயதில் எடோ நகருக்கு வந்து வாள் செய்யத் தொடங்கினார். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வாளின் வெட்டு புகழ்பெற்றது, போலியும் உடனே கிளம்பிற்று. கோதெத்ஸுவைக் கண்டால் போலி என்றே வைத்துக்கொள் என்று வாள்காரர்களிடையே வழக்கு. அவர் தம் பெயரின் முதல் எழுத்தை ஒரு கட்டத்துக்கு முன் ஒரு வடிவத்திலும் பின் வேறொரு வடிவத்திலும் வெட்டினார். அந்தந்தக் காலத்து எஃகு வேலைக்கு அந்தந்த எழுத்து பொருந்தவேண்டும். இது தெரியாத போலிக்காரன் முதிர்ந்த காலத்து வேலையில் தொடக்கக் காலத்து எழுத்தை வெட்டி மாட்டிக்கொள்வான். எடோ காலத்தின் முடிவில் காஜிஹேய் என்று அறியப்பட்ட ஹொஸோதா நவோமித்ஸு வந்தார். அவரே தேர்ந்த கொல்லர். மற்றவர்களின் கையெழுத்தை வெட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை. வியப்பு என்னவென்றால், தாம் வெட்டிய போலிக் கையெழுத்துகளின் படிகளையும் எடுத்து வைத்திருந்தார். இன்று ஆய்வாளர்கள் போலியைப் பிடிப்பதற்கு அந்தப் படிகள் உதவுகின்றன.

போலிக் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக அலகு மட்டம் என்று நினைக்கக்கூடாது. பெயரில்லாத அருமையான பழைய அலகில் யாரோ பின்னாளில் பெரிய பெயரை வெட்டியிருக்கலாம். இங்கே ஒரு வழக்கம் நடைமுறையில் இருக்கிறது, அதைப் பற்றி எனக்கு உறுதியான எதிர்ப்பு உண்டு. போலிக் கையெழுத்து உள்ள வாளுக்கு நிபுணர் குழு சான்றிதழ் தராது. எனவே உரிமையாளர் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்து அந்தப் பெயரை அழித்து, துருவைச் சமன்செய்து, பெயரில்லாத வாளாக மறுபடி அனுப்புகிறார். அப்போது உண்மையான கொல்லரின் பெயரோடு தாள் கிடைத்துவிடுகிறது. விலையும் ஏறுகிறது. பொய் நீங்கியது நல்லதுதானே என்பார்கள். அந்தப் பொய்யும் வாளின் வரலாறு. யார், எந்தக் காலத்தில், எந்தப் பெயருக்கு ஆசைப்பட்டு வெட்டினார்கள் என்பது ஒரு தடயம். தவிர, இன்றைய நிபுணர் போலி என்று சொன்ன கையெழுத்தை நாளைய நிபுணர் அசல் என்று நிறுவவும் கூடும். அழித்துவிட்டால் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்: தாள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, உளியைத் தொடவிடாதீர்கள்.

இன்றைய சான்றிதழ் முறை ஒரு பேரழிவிலிருந்து பிறந்தது. 1876-இல் மெய்ஜி அரசு வாள் தரிப்பதைத் தடைசெய்தபோதே கொல்லர்களின் பிழைப்புப் போயிற்று. 1945-இல் ஜப்பான் தோற்றதும், ஆக்கிரமிப்புப் படை எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது. இயந்திரத்தில் அடித்த இராணுவ வாளும் எழுநூறு ஆண்டு வாளும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன. லட்சக்கணக்கான அலகுகள் உருக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன, நினைவுப்பொருளாகச் சிப்பாய்களின் மூட்டைகளில் போயின. தோகுகாவா வம்சத்தில் வழிவழியாக வந்தது ஹொன்ஜோ மஸாமுனே. 1939-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட வாள். ஆணைக்குக் கீழ்ப்படிந்து 1945 டிசம்பரில் குடும்பத் தலைவர் தோகுகாவா இயெமாஸா அதை மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அது இன்றுவரை கிடைக்கவில்லை. க்யூஷுவின் அஸோ கோயிலில் இருந்த ஹோதாருமாரு என்ற பெருவாளுக்கும் அதே கதி. சட்டத்தை மதித்தவர்களின் வாள்கள் தொலைந்தன என்பது இதில் தாங்கமுடியாத செய்தி.

ஹொன்மா ஜுன்ஜி, ஸாதோ கன்'இச்சி என்ற இரண்டு அறிஞர்கள் ஆக்கிரமிப்புப் படையில் இருந்த கர்னல் காட்வெல் என்ற அதிகாரியைச் சந்தித்து, வாள்களைக் காட்டி, இவை கலைப்பொருள்கள் என்று புரியவைத்தார்கள். கலைமதிப்புள்ளவற்றைச் சோதித்து வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. தோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்திருந்ததிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அலகுகள் பிரித்தெடுக்கப்பட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1948-இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. ஒகுயிஸுமோ உலையை மூட்டியவர்கள் என்றேனே, அது இவர்கள்தான். தோக்கியோவின் ர்யோகோகு பகுதியில் உள்ள வாள் அருங்காட்சியகமும் இவர்களுடையதே.

இந்தச் சங்கம் கொடுக்கும் தாள்களில் இன்று நான்கு படி: ஹோஸொன், தோகுபெத்ஸு ஹோஸொன், ஜூயோ, தோகுபெத்ஸு ஜூயோ. முதல் இரண்டும் அசல், பாதுகாக்கத் தக்கது என்ற அளவில் நிற்பவை. ஜூயோவுக்கு 1958 முதல் போட்டிபோல ஒவ்வொரு வாளையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். உச்சப்படி 1971-இல் சேர்ந்தது. 1982-க்கு முன்பு வேறு பெயரில், வேறு நிறங்களில் தாள்கள் வந்தன. அவற்றில் பச்சைத்தாள் என்று பேச்சில் சொல்லப்படுவதை நம்பி விலை கொடுக்க நேர்மையான வணிகரே விடமாட்டார், மறுபடி அனுப்பிப் புதுத்தாள் வாங்குங்கள் என்பார். பெயரில்லாத வாளுக்குச் சலுகை காமகுரா, நான்போகுச்சோ காலத்து அலகுகளுக்குத்தான் முழுமையாக உண்டு. எடோ காலத்துக் கொல்லர் பெயர் வெட்டித்தான் விற்றார். அந்தக் காலத்து வாளில் பெயர் இல்லையென்றால் ஏன் இல்லை என்ற கேள்வி எழும்.

தாளைப் படிக்கவும் தெரியவேண்டும். கொல்லர் பெயருக்கு முன் 'தென்' என்ற எழுத்து இருந்தால், அவருடையது என்று வழங்கப்படுகிறது, வேலையில் சிறிது விலகல் தெரிகிறது என்று பொருள். ஆளின் பெயருக்குப் பதில் பள்ளியின் பெயர் மட்டும் இருக்கலாம். தாளில் காம்பின் படம் இருக்கும். அதையும் கையில் உள்ள வாளையும் ஒத்துப் பாருங்கள், துளை எத்தனை, அரக்கோடு எந்தச் சாய்வு, நீளம் எவ்வளவு என்று. நல்ல வாளின் தாளை வேறு வாளோடு சேர்த்து விற்கிற கயவர்களும் இருக்கிறார்கள்.

தோரோகுஷோ என்று இன்னொரு தாள் உண்டு. மாநிலக் கல்வி வாரியம் கொடுக்கும் பதிவுச்சீட்டு. பதினைந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எந்த அலகுக்கும் ஜப்பானில் அது கட்டாயம். கை மாறினால் இருபது நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். வெளிநாட்டு வாங்குநர்கள் பலர் இதைச் சான்றிதழ் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். இந்த வாளை வைத்திருப்பது சட்டப்படி சரி என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. போலிக் கையெழுத்தையும் இருந்தபடியே பதிந்துகொள்ளும். வாள் நாட்டைவிட்டுப் போகும்போது பண்பாட்டு முகமையின் அனுமதி வேண்டும், பதிவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். தேசியப் பொக்கிஷமோ முக்கியப் பண்பாட்டுச் சொத்தோ வெளியே போகாது.

எந்தத் தாளும் முழுதாகச் சொல்லாத ஒன்று அலகின் உடல்நிலை. சாணைக்காரர் ஏழெட்டு விதக் கற்களைக் கடந்து, கடைசியில் கியோத்தோ மலைக்கல்லின் மெல்லிய சில்லைப் பெருவிரலுக்கடியில் வைத்துத் தேய்த்துத்தான் அந்த ரேகையையும் மூட்டத்தையும் வெளியே கொண்டுவருகிறார். ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு குறைகிறது. பலமுறை தீட்டிய வாளில் மேல்தோல் கரைந்து, உள்ளே வைத்த இளக்க எஃகு திட்டுத்திட்டாகத் தெரியும். 'களைத்த வாள்' என்பார்கள். கூரின் குறுக்கே மயிரிழை அளவு வெடிப்பு இருந்தால் அதற்கு மருந்து இல்லை. நெருப்பில் சிக்கிய வாளுக்கு ஹாமோன் போய்விடும். மறுபடி தோய்ச்சல் கொடுத்தால் புதுக் கோடு வரும், பழைய கொல்லரின் கை வராது. 1615-இல் ஒஸாகா கோட்டை எரிந்தபோது அப்படிப் பல பெருவாள்கள் கெட்டன. தோகுகாவா வம்சத்தின் முதல் ஷோகுன் இயெயாஸு அவற்றைத் தேடியெடுத்து யாஸுத்ஸுகு என்ற கொல்லரிடம் கொடுத்து மறுபடி தோய்ச்சல் போடவைத்தார். இச்சிகோ ஹிதோஃபுரி என்ற புகழ்பெற்ற வாள் அவர் கையால் மறுதோய்ச்சல் பெற்றதுதான். இன்று பேரரசர் குடும்பச் சேகரிப்பில் வந்த வாள் என்ற பெருமையோடு நிற்கிறது. சாதாரண வாளாக இருந்தால் மறுதோய்ச்சல் என்ற ஒரு சொல்லே அதன் விலையைச் சரித்துவிடும்.

சேகரிப்பாளர்களில் நான் வணங்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வால்ட்டர் காம்ப்டன் என்ற அமெரிக்கர்; மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவர். 1960-களில் அமெரிக்கக் கடை ஒன்றில் வாங்கிய வாளை ஆராய்ந்தபோது, அது பிஸென் கொல்லர் குனிமுனே செய்தது, ககோஷிமாவின் தெருகுனி கோயிலிலிருந்து போருக்குப் பின் காணாமல்போன தேசியப் பொக்கிஷம் என்று தெரிந்தது. காசு எதுவும் கேட்காமல் அதை ஜப்பானுக்கே திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த வாள் வீடு திரும்பியது.

ஊரே சேர்ந்து சேகரித்த கதையும் உண்டு. பிஸென் வாள்களின் பிறப்பிடமான ஒஸாஃபுனே இன்று ஸெதொவுச்சி நகராட்சிக்குள் இருக்கிறது. உயெஸுகி பிரபுக்களிடம் இருந்த ஸன்சோமோ என்ற இச்சிமோன்ஜி வாள், தேசியப் பொக்கிஷம், விற்பனைக்கு வந்தது. அதிலும் கொல்லரின் பெயர் இல்லை. விலை 50 கோடி யென். அந்தச் சிறிய நகராட்சி நாடெங்கும் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 2020-இல் அதை வாங்கிப் பிறந்த மண்ணுக்கே கொண்டுவந்தது. கணினி விளையாட்டு ஒன்றின் வழியாக வாள்களை அறிந்து அருங்காட்சியக வரிசைகளில் நிற்கத் தொடங்கிய இளம்பெண்கள் இப்படிப்பட்ட முயற்சிகளுக்குப் பெரும் பலம். பழைய சேகரிப்பாளர்களில் சிலர் அவர்களைப் பார்த்து முகம் சுளித்ததுண்டு. நான் மகிழ்கிறேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்குவதற்கு முன் பாருங்கள், நிறையப் பாருங்கள். தோக்கியோ தேசிய அருங்காட்சியகம், ர்யோகோகு, நகோயாவின் தோகுகாவா கலை அருங்காட்சியகம், ஒஸாஃபுனே. கண்ணாடிக்குப் பின்னால் முழங்காலை மடக்கி, விளக்கு அலகில் பட்டுத் தெறிக்கும் கோணத்தைத் தேடிப் பாருங்கள். பெரிய கொல்லரின் ஐயத்துக்குரிய வாளைவிட, சிறிய கொல்லரின் ஆரோக்கியமான, பெயரும் காம்பும் சிதையாத வாளை முதலில் வாங்குங்கள். உறை அழகைப் பார்த்து மயங்கவேண்டாம். அறிஞர்கள் நல்ல அலகை மக்னோலியா மரத்தில் செய்த வெள்ளை உறையில்தான் வைப்பார்கள்.

தென்கிழக்காசியாவிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. 1945-இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பர்மாவிலும் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களை ஒப்படைத்தார்கள். பெரும்பாலானவை போர்க்காலத் தயாரிப்புகள். ஆனால் சிலர் பாட்டன் முப்பாட்டன் வாளை எடுத்து, இராணுவக் கைப்பிடியும் உறையும் மாட்டிப் போருக்கு வந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி ஒன்று தெரிந்தவர் வீட்டுப் பரணில் கிடந்தால், முதலில் அந்த நாட்டு ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரியுங்கள். பிறகு மூங்கில் ஆணியை மெதுவாகத் தட்டி எடுத்து, கைப்பிடியைக் கழற்றி, காம்பின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுங்கள். அலகில் விரல் படவேண்டாம். துருவைச் சுரண்டவேண்டாம், எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்க்கவேண்டாம், தெருமுனைச் சாணைக்காரரிடம் கொடுக்கவேண்டாம். லேசாக எண்ணெய் தடவி, இருந்தபடியே உறையில் போட்டுவிட்டு, அந்தப் படங்களைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.